இழுப்பு முந்தியா, உடம்பு முந்தியா?

சின்னமனூர்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போன் செய்து மூன்று நாள் ஆகிறது. "எடையைக் குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டா வீசிங் மொத்தமா போயிடும்னு டாக்டர் சொல்றாரு பெரியம்மா, பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டாய். மறுநாள் உன் அம்மா வந்தாள். நகையை பேங்கில் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு அழுதாள். இரண்டு பேரிடமும் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னேன். போனில் சொன்னால் நான் பாதிதான் சொல்வேன், நீ அதிலும் பாதிதான் கேட்பாய். அதனால் எழுதுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள் நான். ஆபரேஷன் செய்யலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் அந்த டாக்டர் உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவர் கேட்கவில்லை என்பது நீ சொன்னதிலிருந்தே தெரிந்தது. கேட்டிருந்தாலும் உனக்குப் பதில் தெரிந்திருக்காது, இதெல்லாம் தொடங்கிய காலத்தில் உனக்கு ஆறு வயது. உனக்கு முதலில் வந்தது இழுப்பா, உடம்பா?

எடை கூடியவர்களுக்கு வரும் ஆஸ்துமா எல்லாம் ஒன்று கிடையாது. சிலருக்குப் பிள்ளைப் பிராயத்திலேயே ஒவ்வாமையால் இழுப்பு வந்திருக்கும். பிறகு உடம்பு போட்டதும் அது மோசமாகும். வேறு சிலருக்கு நடுவயது வரை ஒன்றுமே இருக்காது, எடை ஏறிய பிறகுதான் மூச்சு வாங்கத் தொடங்கும். அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் நுரையீரல் மருத்துவர் ஆன் டிக்சனும் அவருடைய குழுவும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிரித்துக் காட்டியது. எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட 23 ஆஸ்துமாக்காரர்களை ஒரு வருடம் கழித்துச் சோதித்தார்கள். தொல்லை பொதுவாகக் குறைந்திருந்தது. ஆனால் தூசிக்கும் குளிருக்கும் மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்கிக்கொள்கிறதே, அந்தக் குணம் நன்றாகத் தணிந்தது ரத்தத்தில் ஐ.ஜி.இ. அளவு சாதாரணமாக இருந்தவர்களுக்குத்தான். ஐ.ஜி.இ. என்பது ஒவ்வாமை உடம்பில் ஏறி நிற்கும் ஒரு பொருள். அது ஏறியிருந்தவர்களுக்கு எடை இறங்கியும் குழாயின் குணம் அப்படி மாறவில்லை. 23 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் அதைப் படித்த அன்று எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த ராத்திரியைச் சொல்கிறேன், உன் டாக்டருக்குத் தேவைப்படும். 2006, ஐப்பசி அடைமழை. நான் லீவில் மணலாறு எஸ்டேட் லயன் வீட்டுக்கு வந்திருந்தேன். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் என்பதால் கதவை அடைத்து வைத்திருந்தோம். உனக்குக் குளிரும் என்று அம்மாச்சி விறகை இன்னும் இரண்டு தள்ளி அடுப்பை எரியவிட்டாள். உன் அப்பா டீ பேக்டரியிலிருந்து வந்த சட்டையோடு உன்னை மடியில் வைத்திருந்தார், அந்தச் சட்டை முழுக்கத் தேயிலைத் தூசி. ஈரச் சுவர், விறகுப் புகை, தூசி மூன்றும் அந்தச் சின்ன அறைக்குள். பத்து மணிக்கு மேல் நீ படுக்க மாட்டேன் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாய். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கியது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து போனது. நெஞ்சில் காதை வைத்தால் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். எஸ்டேட் ஜீப்பில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு பதினெட்டு கொண்டை ஊசி வளைவும் இறங்கினோம். அந்த வளைவுகளுக்கு இப்போது பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். நீ அவற்றைப் படம் எடுத்து அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரிதான் வரும். தென்பழனி அடிவாரம் வந்து சேரும்போது உன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. சின்னமனூர் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகுதான் நீ என் தோளில் தூங்கினாய். அன்று உன் எடை 17 கிலோ.

ஆக, இழுப்புதான் முந்தி. பத்து பதினோரு வயதில் உத்தமபாளையம் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அது அடங்கியது. வளர வளரப் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள், போய்விட்டது என்று நாங்களும் நம்பினோம். காலேஜ் முதல் வருடம் திரும்பி வந்தது. அடுத்து நடந்தது என் தப்பு. அதை இத்தனை வருடம் உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

டாக்டர் மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் பம்ப் எழுதிக் கொடுத்தார். உன் அம்மா பயந்தாள். பம்ப் பழகினால் விட முடியாது, நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். நர்ஸாக இருந்துகொண்டு நானும் அதற்கு ஒத்துப்போனேன். ஒரு மெடிக்கல் ஷாப்பில் சீட்டுக் கேட்காமலே கொடுத்த சின்ன மாத்திரையை வாங்கி, மேலே போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாளில் உனக்கு மூச்சு சரியானது, பசியும் நன்றாக எடுத்தது. அது ஸ்டீராய்டு. அவசரத்துக்கு ஐந்து நாள், ஏழு நாள் கொடுத்தால் உயிரைக் காக்கும். இழுக்கும்போதெல்லாம் போட்டால் பசியைக் கிளப்பும், நீரைத் தேக்கும், கொழுப்பை முகத்திலும் வயிற்றிலும் கொண்டுபோய் வைக்கும். பம்ப்பில் இருப்பதும் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான், ஆனால் மைக்ரோகிராம் கணக்கில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போவது. மாத்திரை மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கச் சுற்றுவது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாததில்லை. மூன்று வருடம் நீ அதை விட்டு விட்டுப் போட்டாய். 56 கிலோவில் காலேஜ் சேர்ந்தவள் 80-ஐத் தாண்டி வெளியே வந்தாய். பிறகு சென்னை, ராத்திரி ஷிப்ட், நேரங்கெட்ட சாப்பாடு. இன்றைக்கு 98.

அதனால்தான் "எல்லாம் என் உடம்பால வந்தது பெரியம்மா, வாயைக் கட்டாததால வந்தது" என்று நீ அழுதபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த உடம்பில் பாதி நாங்கள் கொடுத்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையில் இருந்தார்கள். இத்தனை பெண்களும் வாயைக் கட்டாதவர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு எடுக்கும் முடிவு எதுவும் நல்ல முடிவாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேலே படி.

எடை மூச்சை என்ன செய்கிறது? கொழுந்துச் சாக்கைத் தலையில் கட்டிக்கொண்டு அம்மாச்சி மேடேறி வருவாளே, அந்தச் சாக்கை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மல்லாக்கப் படுத்திருப்பதாக நினைத்துக்கொள். உதரவிதானம் கீழே இறங்க இடமில்லை. நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை, அங்கே இருக்கும் சின்னக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. இது பாரத்தின் கதை. கொழுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. சும்மா தேங்கிக் கிடக்கும் பொருள் என்றுதான் எங்கள் காலத்தில் படித்தோம். 1994-ல் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்த பிறகு, கொழுப்பும் ஒரு சுரப்பிபோல வேலை செய்கிறது என்று தெரிந்தது. எடை கூடக் கூட அது அழற்சியைக் கிளப்பும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் மூச்சுக்குழாய்க்கு அது விறகு. இப்படிப்பட்டவர்களுக்குப் பம்ப்பும் மற்றவர்களுக்குப் போல வேலை செய்வதில்லை.

ஆகவே எடை இறங்கினால் பலன் உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட 2,261 ஆஸ்துமாக்காரர்களின் ஆஸ்பத்திரிக் கணக்கை 2015-ல் வெளியிட்டார்கள். அறுவைக்கு முன் ஒரு வருடத்தில் அவர்களில் நூற்றுக்கு 22 பேர் இழுப்பு முற்றி எமர்ஜென்சிக்கோ வார்டுக்கோ வந்திருந்தார்கள். அறுவைக்குப் பின் அது 11 ஆனது, இரண்டாவது வருடமும் அப்படியே நின்றது. பாதியாகக் குறைவது பெரிய விஷயம், பாப்பா. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடின ராத்திரிகளில் பாதி இல்லாமல் போயிருந்தால் உன் அம்மாவின் தலை இவ்வளவு சீக்கிரம் நரைத்திருக்காது. ஆனால் மிச்சம் 11 பேர் இருக்கிறார்களே, அவர்களையும் எண்ணிப் பார். "மொத்தமா போயிடும்" என்ற சொல் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

அம்மாச்சி மாதிரி ஆகிவிடுவேனோ என்று ஒருமுறை கேட்டாய். மாட்டாய். அம்மாச்சிக்கு இருந்தது வேறு நோய், சி.ஓ.பி.டி. என்பார்கள். பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் வருடக்கணக்கில் விறகுப் புகையில் குனிந்திருந்ததால் வரும். ஆஸ்துமாவில் குழாய் சுருங்கும், மருந்துக்கு விரியும். சி.ஓ.பி.டி.யில் சுருங்கியது முழுதாகத் திரும்பாது. எடை விஷயமும் தலைகீழ். கடைசிக் காலத்தில் அம்மாச்சி 36 கிலோ. 2004-ல் வந்த ஒரு மதிப்பீட்டு முறையில், சி.ஓ.பி.டி.க்காரரின் உடல் நிறை எண் 21-க்குக் கீழே போனால் அதையே ஆபத்துக் குறியாக எண்ணுகிறார்கள். அவளுக்கு முட்டையும் செவ்வாழையும் ஊட்டி ஒரு கிலோ ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதே நோய் உள்ளவர் பெருத்த உடம்போடு இருந்தால் அவருக்கும் அறுவை உதவுகிறது என்று 481 பேரை வைத்து 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வருவது அவர்களிடம் நூற்றுக்கு 28-லிருந்து 12 ஆகியிருந்தது. ஆக, இளைப்பு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே வழி சொல்ல முடியாது.

இனி உன் காரியம். 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு 98 கிலோ என்றால் உடல் நிறை எண் 38. சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022-ல் திருத்திய விதிப்படி, 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம். ஆசிய உடம்புக்கு அளவுகோல் இன்னும் கீழே. ஆகவே அந்த டாக்டர் உனக்குத் தேவையில்லாததைச் சொல்லிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் நுரையீரல் டாக்டரைப் பார்க்க வேண்டும். உனக்குப் பக்கம் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காகத் தொடங்கியது, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. லீவில் இங்கே வந்தால் க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு நானே கூட்டிப்போகிறேன். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை, ஐ.ஜி.இ., ஈசினோபில் ரத்தச் சோதனை, இவற்றைக் கேள். பம்ப்பைச் சரியாக உறிஞ்சுகிறாயா என்று அவர் முன்னால் செய்து காட்டு. பாதிப் பேர் மருந்தை நாக்கில்தான் வாங்குகிறார்கள். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் பம்ப் எடுத்துவிட்டுப் பிறகு இந்த முடிவுக்கு வா. இழுப்பு கட்டுக்குள் வராமல் மயக்க மருந்து வாங்கிக்கொள்ளும் மேஜையில் படுக்கவே கூடாது. தியேட்டரில் நின்றவள் சொல்கிறேன், டியூப் போடும் நேரத்தில் மூச்சுக்குழாய் இறுகிக்கொண்டால் அந்த ஒரு நிமிடம் யாருக்கும் மறக்காது.

அந்த மாத்திரை விஷயத்தை மயக்க டாக்டரிடம் கட்டாயம் சொல். ஸ்டீராய்டு அடிக்கடி போட்ட உடம்பு, ஆபத்து நேரத்தில் தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துபோயிருக்கலாம். தெரிந்திருந்தால் அவர்கள் ஊசியில் கொடுத்துச் சமாளிப்பார்கள். என் பெயரைக் காப்பாற்ற நினைத்து மறைக்காதே.

குறட்டை விடுகிறாய் என்று உன் ரூம் பிள்ளை சொன்னாளாமே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பார்கள். அறுவைக்கு முன் அது தெரிந்தாக வேண்டும். இன்சூரன்சுக்கும் அது உதவலாம். பாலிசிகளில் வரும் பொது நிபந்தனையைப் படித்தேன். எடைக்குறைப்பு அறுவைக்குப் பணம் தர உடல் நிறை எண் 40 ஆக வேண்டும். அல்லது 35-க்கு மேல் இருந்து, இதய நோயோ கடுமையான தூக்க மூச்சடைப்போ அடங்காத சர்க்கரையோ இருக்க வேண்டும். ஆஸ்துமா அந்தப் பட்டியலில் இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே விடியும் பெண்ணுக்கு இதயம் கெட்டால்தான் பணம் என்பது என்ன கணக்கு? கம்பெனி எடுத்துத் தரும் பாலிசியில் வேறு மாதிரி இருக்கலாம், எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. பதில் வரும்வரை அம்மா நகையில் கை வைக்க வேண்டாம்.

எந்த அறுவை என்றும் கேள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டுக் குழாய்போல விடுவார்கள். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேலே சின்னப் பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பார்கள். உனக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருக்கிறது. ஸ்லீவுக்குப் பிறகு சிலருக்கு அது கூடும், புளிப்பு மேலே ஏறித் தொண்டைக்கு வந்தால் ராத்திரி இழுப்பும் கூடும். பைபாஸில் நெஞ்செரிச்சல் பெரும்பாலும் குறையும். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரைக்கும் சில வலி மாத்திரைகளுக்கும் இணைத்த இடத்தில் புண் வரும் பயம் உண்டு. இரண்டிலும் ஆயுள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் எடுக்க வேண்டும். கல்யாணம் ஆனாலும் அறுவை முடிந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரை பிள்ளை தரிக்கக் கூடாது. அதைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லும் தைரியம் உனக்கு வேண்டும். பம்ப் வைத்திருப்பதையும் சேர்த்துத்தான்.

உன் அம்மா பயப்படுவது 2024-ல் வந்த செய்தியால். சென்னைப் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்த அறுவைக்குப் போன இளைஞர் இறந்துபோனார், அரசு விசாரித்து நடவடிக்கை எடுத்தது. நல்ல இடங்களில் சாவு ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரைதான், மற்றப் பெரிய அறுவைகளோடு ஒப்பிட்டால் குறைவு. அதனால் இடத்தைப் பார். ராத்திரி இரண்டு மணிக்கு ஐ.சி.யு.வில் யார் இருப்பார்கள், இந்த அறுவையை வருடத்துக்கு எத்தனை செய்கிறார்கள் என்று நேரில் கேள். சங்கடப்படாமல் பதில் சொல்கிற இடத்துக்குப் போ.

அறுவை இல்லாமலும் வழி இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். 2000-ல் பின்லாந்தில் 38 பேரை வைத்து ஒரு ஆய்வு. அதில் பாதிப் பேருக்கு டாக்டர் மேற்பார்வையில் எட்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். சராசரியாக எடையில் நூற்றுக்கு 14 பங்குக்கு மேல் குறைந்தது, ஊதும் சோதனையிலும் நுரையீரல் முன்னேறியிருந்தது. உன் கணக்கில் அது 14 கிலோ. பட்டினி கிடந்து நீயாக இதைச் செய்துவிடாதே. எடையைக் குறைக்கும் மவுன்ஜாரோ என்ற வார ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, அதையும் டாக்டரிடம் கேட்கலாம். நிறுத்தினால் எடை திரும்புவதும் உண்டு.

என் மனதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். சோதனைகள் முடிந்து, மூன்று மாதம் பம்ப் எடுத்து, அதன் பிறகும் நுரையீரல் டாக்டரும் சரி என்றால், செய்துகொள். முழங்காலுக்கும் தூக்கத்துக்கும் மாடிப்படிக்கும் நல்லது, இழுப்பும் குறையும். ஆனால் அந்த ஆறு வயது இழுப்பு உன் கொழுப்பில் இல்லை. 70 கிலோ ஆன பிறகும் ஒரு ஐப்பசி ராத்திரி அது வரலாம். அப்போது ஏமாந்துவிட்டேன் என்று நீ உடைந்துபோகக் கூடாது. நீ எந்தப் பையை எடுத்துப் போனாலும் அதில் பம்ப் இருக்க வேண்டும்.

அறுவை முடிந்து முதல் இரண்டு வாரம் நான் வந்து உன்னோடு இருக்கிறேன். கஞ்சித் தண்ணீரிலிருந்து மசித்த சாப்பாடு வரை ஒவ்வொரு ஸ்பூனாக ஏற்ற வேண்டியிருக்கும். மறுநாளே எழுந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறிவிடும். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதோடு ஒரு மஞ்சள் கவர் அனுப்பியிருக்கிறேன். உன் பழைய ஓ.பி. சீட்டுகள், அம்மாச்சி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தவை. மேலே இருப்பது சின்னமனூர் சீட்டு. மருந்துப் பெயர்கள் மங்கிவிட்டன, ஓரம் செல்லரித்திருக்கிறது. வயது 6, எடை 17 கிலோ என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. டாக்டரிடம் உட்கார்ந்ததும் அதை முதலில் எடுத்துக் காட்டு.

அன்புடன்,
உன் பெரியம்மா